எதுவும் சொல்லாத நிறம்

வெள்ளைச் சாக்லெட் உண்மையில் வெள்ளை இல்லை.
பழைய தந்தச் சீப்பின் நிறம்.
நீலத்தைப் போட்டால் பச்சையாகிவிடும்.
ஊதாவைப் போட்டால் சாம்பல் பூக்கும்.
சிவப்பு மட்டும் பிடிவாதக்காரி:
முதலில் ரோஸ்,
இன்னும் ஒரு சிட்டிகை, இன்னும் ஒன்று, அப்போதும் ரோஸ்தான்.
அலுத்துப்போய் மூடி வைத்தால்
அரைமணி நேரத்தில்
யாரும் பார்க்காதபோது தானாகச் சிவந்திருக்கும்.

ரங்கூன், பஸுன்டவுங், ஆறாம் மாடி.
வெளியே மழை கொட்டுகிறது, உள்ளே எனக்கு வேர்க்கிறது.
இரவு ஒன்பதுக்கு வந்த கரண்ட்
ஒரு மணிக்குப் போய்விடும்.
அதற்குள் கேக் கல்லாகக் குளிர்ந்தாக வேண்டும்,
சூடான கேக்கில் பூச்சு நிற்காது, வழிந்து ஓடும்.
தலையில் துண்டு கட்டியிருக்கிறேன்.
நெற்றியிலிருந்து ஒரே ஒரு சொட்டு விழுந்தாலும் போதும்,
கிண்ணம் முழுக்கத் திரிந்து மணலாகிவிடும்.
பாங்காக்கிலிருந்து
யாருடைய சட்டைகளுக்கு நடுவிலோ வந்த சாக்லெட்.
சவரிராயன் வடிகட்டியைப் பிடித்துக்கொண்டு
மூச்சைக்கூட அந்தப் பக்கம் திரும்பி விடுகிறார்.

அப்போதுதான் பால்கனிக் கயிற்றில் மணி அடித்தது.
இழுத்தேன். கிளிப்பில் மீதிப் பணம்.
பணத்துக்குள் பஸ் டிக்கெட் அகலத்தில் ஒரு துண்டுக் காகிதம்,
மா ஏய் ப்யூவின் கையெழுத்து,
வட்ட வட்டமான எழுத்தெல்லாம் மழையில் ஊறி:

'அமா, சிவப்பு வேண்டாம்.
எதுவும் சொல்லாத ஒரு நிறம் போடுங்கள்.'

எட்டிப் பார்த்தேன். ஒரு குடை
தெருவிளக்கு இல்லாத பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது.
அவள் வீட்டுக்காரர் நாளைக்கு வருகிறார்.
எங்கிருந்து என்று அவளும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

எதுவும் சொல்லாத நிறம்.
பச்சையா? தெருமுனையில் நிற்கிற வண்டி பச்சை,
அதை யார் வாயில் வைப்பார்கள்?
கறுப்பு, ஊரே சேர்ந்து ஒருநாள் உடுத்தியது.
ரோஸ், காலையில் அரிசிக்கு வரும் பிக்குணிகளுடையது.
மஞ்சளைப் பற்றி யோசித்தேன்,
யோசிக்க யோசிக்க அதுவும் பேசத் தொடங்கியது.
வெள்ளை என்றார் இவர்.
வெள்ளை செத்த வீட்டுக்கு என்றேன்.
'நமக்குத்தானே, அவர்களுக்கு இல்லையே?'
எனக்குக் கை வரவில்லை.

மணி பதினொன்று நாற்பது.
பாதிச் சிவப்பை வேறு கிண்ணத்தில் ஊற்றினேன்.
டப்பாக்களின் அடியில் ஒட்டியிருந்ததையெல்லாம்,
போன மாதத்து நீலம், கல்யாணத்து மஞ்சள்,
கிறிஸ்துமஸ் பச்சை, எல்லாவற்றையும் சுரண்டிப் போட்டு
ஒரே பக்கமாகக் கலக்கினேன்.
நிறங்கள் ஒன்றையொன்று கொஞ்ச நேரம் துரத்தின.
பிறகு அடங்கி
பழுப்பாயின.
மண் பழுப்பு, சாக்லெட் பழுப்பு.
வெள்ளையாய் வந்தது
சுற்றியடித்துத் தன் சாதி நிறத்துக்கே போய்ச் சேர்ந்தது.

கீழுதட்டில் ஒரு துளி வைத்துப் பார்த்தேன்:
சுடவும் இல்லை, குளிரவும் இல்லை.
நடுவில் ஊற்றினேன், கை நிறுத்தாமல்.
அது தானே வழி கண்டுபிடித்து
விளிம்பு தாண்டி இறங்கியது.
அதில் டியூப்லைட் ஒருமுறை வளைந்து தெரிந்தது,
என் தலைத்துண்டும்.

ஒரு மணிக்கு எல்லாம் இருண்டது.
மிச்சச் சிவப்பை என்ன செய்ய?
கொட்டினால் வாளியில் கிடந்து யார் கண்ணிலாவது படும்.
மெழுகுவத்தி வைத்துக்கொண்டு
பிஸ்கட்டைத் தோய்த்துத் தோய்த்துத் தின்றோம்.
ஒரு பாக்கெட் முடிந்தது, இரண்டாவதும்.
கடைசியில் விரலால் வழித்தார்
பள்ளிக்கூடப் பையனைப் போல.

காலையில் மா ஏய் ப்யூ பெட்டியைத் திறந்து பார்த்து
'சாக்லெட்டா' என்றாள், 'சரி' என்றாள்,
இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு
படி பார்த்துப் படி பார்த்து இறங்கினாள்.

இவர் கண்ணாடி முன் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.
இரண்டு முறை தேய்த்தாயிற்று, போகவில்லை.
'ஆபீஸில் கேட்டால்?'
வெற்றிலை என்று சொல்லுங்கள்,
இந்த ஊரில் பாதி வாய் சிவப்புதானே.
'நான் வெற்றிலை போடமாட்டேன் என்று
எல்லாருக்கும் தெரியுமே.'

நேற்றிலிருந்து போடுகிறீர்கள் என்றேன்.